நாயோட எங்க போகலாம்? விருத்தாசலத்துல ஒரு ராத்திரி கத்துக்கொடுத்தது

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்க எளிதாக இருந்த சில பேச்சுகளை வாசிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் வந்த ஒரு வாய்ஸ் நோட்ல இருந்தே ஆரம்பிச்சிடலாம். "அண்ணா, நாங்க சென்னையில ரெண்டு பெட்ரூம் பிளாட்ல இருக்கோம். ஒன்றரை வயசு லாப்ரடார். வாரம் முழுக்க வீட்டுக்குள்ளயே கிடக்குது, பாவமா இருக்கு. சனி, ஞாயிறு கூட்டிட்டுப் போற மாதிரி பெட் ஃப்ரெண்ட்லி இடம், ஈவென்ட் எல்லாம் ஒரு லிஸ்ட்டா சொல்லுங்க."

லிஸ்ட் சொல்லலாம்தான். ஆனா போன மாசம் நாயை உள்ள விட்ட கஃபே இந்த மாசம் "ஸாரி சார்"னு சொல்லும். அதனால லிஸ்ட்டுக்குப் பதிலா, நான் பண்ணின ரெண்டு தப்பைச் சொல்றேன். ரெண்டாவது தப்புல நாயையே தொலைச்சிட்டேன்.

எங்க வீட்டு நாய் பேரு அப்பு. தெருவுல இருந்து குட்டியா எடுத்துட்டு வந்த நாட்டு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது நிக்கும், ஒரு காது மடங்கும். அவன் வந்த முதல் வருஷம், ஒரு மால்ல பெட் மீட் நடந்துச்சு. எந்த மால்னு வேணாம். டிக்கெட் வாங்கி, கழுத்துல பந்தானா எல்லாம் கட்டிக் கூட்டிட்டுப் போனேன். ஸ்பீக்கர்ல பாட்டு, வழவழன்னு டைல்ஸ் தரை, சுத்தி நாற்பது அம்பது நாய். ஒரு போட்டோ எடுத்து சண்டே வைப்ஸ்னு போட்டேன். நல்லா லைக்ஸ் வந்துச்சு.

ரொம்ப நாள் கழிச்சு அந்தப் போட்டோவை ஒரு கால்நடை மருத்துவர்கிட்ட காட்டினேன். அவர் பார்த்த உடனே, "இவன் பயந்துபோய் நிக்கிறான், தெரியலையா?"ன்னு கேட்டார். வால் கால் நடுவுல. காது பின்னாடி ஒட்டிக் கிடக்கு. கண்ணோட வெள்ளை ஓரமா தெரியுது. நாக்கால மூக்கை நக்கிக்கிட்டே இருக்கான். அடிக்கடி கொட்டாவி வேற விட்டான், தூக்கம்னு நினைச்சேன். நாய் தூக்கம் இல்லாம கொட்டாவி விட்டா, பல நேரம் அது பதற்றம். வாயைத் திறந்து வேகமா மூச்சு வாங்குறதை நாம சிரிப்புன்னு நினைச்சுக்கிறோம்.

பெட் ஃப்ரெண்ட்லின்னு போர்டு வச்சா அதுக்கு அர்த்தம், நாய் வந்தா துரத்த மாட்டோம், அவ்வளவுதான். நாய்க்கு அந்த இடம் பிடிக்குமாங்கிறது வேற கேள்வி. அந்த ரெண்டாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை.

இப்ப ரெண்டாவது தப்பு. அதுக்கு எங்க ஊருக்குப் போகணும்.

எங்க ஊர் விருத்தாசலம், கடலூர் மாவட்டம். சென்னையில இருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல. மணிமுத்தாத்தங்கரையில விருத்தகிரீஸ்வரர் கோயில். அஞ்சு கோபுரம், அஞ்சு பிராகாரம், அஞ்சு தீர்த்தம், அஞ்சு தேர்னு எல்லாமே அஞ்சஞ்சா எண்ணிச் சொல்லுவாங்க. தேவாரத்துல வர்ற திருமுதுகுன்றம் இதுதான். சுந்தரர் இங்க சிவன்கிட்ட வாங்கின பொன்னை மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்தார்னு கதை. "ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுறான்"னு சொல்றோமே, அதுக்கு எங்க ஊர்ல சொல்ற கதை இதுதான். இந்தப் பழமொழி ஒருநாள் எனக்கே பொருந்தும்னு அப்பத் தெரியாது.

ஊருக்கு இன்னொரு முகம் பீங்கான். பக்கத்துல நெய்வேலி. அங்க பழுப்பு நிலக்கரி எடுக்கத் தோண்டுறப்ப, கூடவே வெள்ளைக் களிமண்ணும் வரும். அந்த மண்ணை வச்சு இங்க செராமிக் தொழிற்பேட்டை வந்துச்சு. அகல் விளக்கு, கொலு பொம்மை, டீ கப், வீட்டுக் கரண்ட் மீட்டர் பக்கத்துல இருக்கிற வெள்ளை ஃப்யூஸ் கேரியர் எல்லாம் இங்க பண்ணுவாங்க. செராமிக் படிப்புக்கே தனியா அரசு நிறுவனம் உண்டு. சின்ன வயசுல எங்களுக்கு விளையாட்டு சாமானே உடைஞ்ச பொம்மைத் தலைங்கதான்.

ஒரு மாசி மகத்துக்கு அப்புவையும் கூட்டிட்டு ஊருக்குப் போனேன். மாசி மகம்னா பத்து நாள் திருவிழா, சுத்துப்பட்டு ஜனம் மொத்தமும் ஊருக்குள்ளதான். எங்க ஆயா அவனை வீட்டுக்குள்ள விடல, திண்ணையில சாக்கு விரிச்சுக் கொடுத்துச்சு. அவனுக்கு அது ஏகப்பட்ட சந்தோஷம். தெருவுல போற ஆடு, கோழி, சைக்கிள் எல்லாத்தையும் படுத்தபடியே பார்த்துக்கிட்டு இருந்தான். பிளாட் பால்கனியில அவன் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

அதோட விட்டிருக்கலாம். தேர் அன்னைக்கு அவனையும் இழுத்துட்டுக் கிளம்பினேன். ஆயா வாசல்லயே கேட்டுச்சு, "அத ஏன்டா கூட்டத்துக்குள்ள இழுத்துட்டுப் போற? அதுக்கு என்ன சாமியா கும்பிடத் தெரியும்?" நான் சிரிச்சிக்கிட்டே போயிட்டேன். தேர் இழுத்து முடிஞ்சு, இருட்டின நேரம். எங்கயோ பக்கத்துல வெடி போட்டாங்க.

மனுஷக் காதுக்கு 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் கேட்கும். நாய்க்கு 45 ஆயிரம் வரைக்கும் கேட்கும்னு சொல்றாங்க, சின்னச் சத்தம்கூட நம்மைவிட தூரத்துல இருந்தே அதுக்குத் தெரியும். நமக்கு வாணவேடிக்கை, அதுக்கு உலகம் இடிஞ்சு விழுற மாதிரி. அப்பு பின்பக்கமா ஒரு இழு இழுத்தான். காலர் தலை வழியா உருவி என் கையில நின்னுச்சு. என் போன் நம்பர் போட்ட டேக்கும் அதுலதான். கழுத்துல ஒண்ணுமே இல்லாம, பார்க்க அச்சு அசல் தெரு நாய் மாதிரி, கூட்டத்துக் கால்களுக்கு நடுவுல ஓடிட்டான்.

நாட்டு நாய் வச்சிருக்கவங்க இதைக் கவனிங்க. நம்ம நாய்ங்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து கிட்டத்தட்ட அதே அளவு. சாதா காலர்ல அது பின்னாடி நகர்ந்தா சுலபமா உருவிக்கும். இழுத்தா மட்டும் லேசா இறுகுற மார்ட்டிங்கேல் காலர்னு ஒண்ணு இருக்கு. இல்லைன்னா நெஞ்சு, வயிறு ரெண்டையும் சுத்தி வர்ற ஹார்னஸ். லீஷை ஹார்னஸ்ல மாட்டணும், போன் நம்பர் டேக் தனியா கழுத்துக் காலர்ல இருக்கணும். ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்.

அந்த ராத்திரி முழுக்கத் தேடினேன். பேர் சொல்லிக் கத்திக்கிட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு, ரெண்டு தம்பிங்க பைக்ல வேற ரவுண்டு அடிச்சாங்க. எல்லாமே தப்பு. பயந்து ஓடின நாய், வளர்த்தவங்களே கத்திக்கிட்டு வந்தாலும் இன்னும் தூரம் ஓடும். கடைசியா பார்த்த இடத்துல நம்ம போட்ட சட்டை, அது படுத்த சாக்கு, கொஞ்சம் தண்ணி வச்சுட்டு அமைதியா காத்திருக்கணும். கண்ணுல பட்டா துரத்தக் கூடாது. பக்கவாட்டுல திரும்பி, கீழ உட்காரணும். அதுவா வரும்.

விடியக்காலை அஞ்சு மணிக்கு ஒரு பால்காரர்தான் வழி சொன்னார். "தம்பி, நாயைத் தேடாத. எந்தத் தெருவுல நாய்ங்க விடாம குலைக்குதோ அங்க போ. புதுசா ஒண்ணு வந்தா அதுங்க சும்மா விடாது." காதைத் தீட்டிக்கிட்டு நடந்தேன். செராமிக் பேட்டைப் பக்கம் நாலஞ்சு நாய் ஒரு சந்தைப் பார்த்துக் குலைச்சிக்கிட்டு நின்னுச்சு. சந்து முடிவுல உடைஞ்ச பீங்கான் குவியல். அதுக்குப் பின்னாடி சுருண்டு படுத்திருந்தான், முன்கால்ல ஒரு வெட்டு. வாட்ச்மேன் அண்ணன் போட்ட பிஸ்கட் பாதி அப்படியே கிடந்துச்சு.

தேர்வீதியில தொலைச்சு பீங்கான் குப்பையில கண்டுபிடிச்சேன்னு ஆயா இன்னிக்கும் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுது.

அதுக்கப்புறம் நாங்க திருவிழாவுக்கு நாயைக் கூட்டிட்டுப் போறதில்லை. தீபாவளி, ஊர்வலம், லைவ் மியூசிக், எதுவா இருந்தாலும் அதே கணக்குதான். அவன் வீட்டுக்குள்ள, ஃபேன் சத்தத்தோட, ஜன்னல் சாத்தி, யாராவது ஒருத்தர் கூட இருப்பாங்க. ஊருக்குக் கூட்டிட்டுப் போறது மட்டும் நிக்கல. விசேஷம் எதுவும் இல்லாத சனி, ஞாயிறா பார்த்துப் போறோம்.

எப்படிப் போறதுன்னு கேட்பீங்க. விருத்தாசலம் ஜங்ஷன் விழுப்புரம் – திருச்சி ரூட்ல இருக்கு. ஆனா ரயில்ல நாயைக் கூட வச்சுக்கணும்னா ஃபர்ஸ்ட் ஏசியில முழு கூபே நம்ம பேர்ல கிடைக்கணும். கூபே கிடைக்குமாங்கிறது சார்ட் போடும்போதுதான் தெரியும். ஸ்லீப்பர், தேர்ட் ஏசி, செகண்ட் ஏசி, சேர் கார் எதுலயும் அனுமதி இல்லை. இன்னொரு வழி, பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணி, கார்டு வேன்ல இருக்கிற நாய்ப்பெட்டியில அனுப்புறது. இருட்டு, ஆட்டம், சத்தம். பெட்டி மீட்ல பயந்த நாய்க்கு நான் அதைச் செய்ய மாட்டேன். அதனால ரெண்டு மூணு பேர் சேர்ந்து கார். அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியா வெயில் ஏறுறதுக்குள்ள ஊர் சேர்ந்திடுவோம்.

வெயிலைப் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா அவுட்டிங்ல நாயோட உயிரையே இது எடுத்துடலாம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்வை பாதத்துல கொஞ்சம், மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். நம்ம கடலோர ஈரப்பதத்துல அந்த வழியும் சரியா வேலை செய்யாது. சாதாரண உடம்புச் சூடு 38-ல இருந்து 39 டிகிரி சொச்சம். 41-ஐத் தாண்டினா உயிருக்கே ஆபத்து. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்ங்களுக்கு மூச்சுக்குழாயே குறுகல், அதுங்க இன்னும் சீக்கிரம் விழும். எச்சில் கெட்டியா ஒழுகுறது, தள்ளாட்டம், ஈறு கருஞ்சிவப்பு, இது தெரிஞ்சா நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் சாதாரணத் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்தி, காத்து படவிட்டு, நேரா மருத்துவர்கிட்ட போயிடணும். "சரியாயிடுச்சு போல"ன்னு வீட்டுக்குத் திரும்பாதீங்க. உள்ளுறுப்பு பாதிப்பு அப்புறமா காட்டும்.

தார் ரோடு சுடுதான்னு பார்க்க, புறங்கையை ஏழு செகண்ட் வைங்க. உங்களால முடியலைன்னா அதால நடக்க முடியாது. கண்ணாடி ஏத்தின கார்ல பத்தே நிமிஷத்துல சூடு பத்து டிகிரி ஏறும். "ஒரு டீ குடிச்சிட்டு வந்திடுறேன்"ங்கிறதும் அந்தக் கணக்குலதான் வரும்.

சரி, போய் என்ன பண்ணுவோம்? காலையில ஊருக்கு வெளிய வரப்பு, மண் பாதைன்னு மோப்பம் பிடிச்சபடி ஒரு மணி நேரம் நடை. நாங்க வேகமா நடக்கச் சொல்றதில்லை. ஒரு வேலிக் கம்பத்தை அஞ்சு நிமிஷம் மோந்து பார்த்தா பார்க்கட்டும், அதுக்கு அதுதான் நியூஸ் பேப்பர். திரும்பி வந்ததும் காது மடல், விரல் இடுக்கு, கழுத்து எல்லாம் உண்ணி இருக்கான்னு தடவிப் பார்ப்போம். உண்ணிக் காய்ச்சல் நாயை ரொம்பப் படுத்திடும். தேங்கின தண்ணியைக் குடிக்க விடமாட்டோம், எலிக் காய்ச்சல் அதுல வரும். பதினாறு வாரம் தாண்டித் தடுப்பூசி வரிசை முடியாத குட்டிகளை இந்த மாதிரி எங்கயும், பெட் மீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், தரையில விடாதீங்க. பார்வோ வைரஸ் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். ஆனா குட்டிக்கு உலகம் பழகுற வயசும் அதேதான். அதனால தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க.

சாயங்காலம் பீங்கான் பட்டறை. இங்க ஒருத்தர் உள்ள, ஒருத்தர் நாயோட வெளிய, மாறி மாறி. தரையில கண்ணாடி மாதிரி சில்லு, காத்துல மண் தூசி, வாளியில கிளேஸ் கரைசல். அதை நக்கினா வம்பு. சூளைப் பக்கமே போகக் கூடாது. வாட்ச்மேன் அண்ணன்தான் இப்ப அப்புவுக்குக் காவல்.

உள்ள பார்க்க அவ்வளவு நல்லா இருக்கும். களிமண்ணை மோர் மாதிரி கரைச்சு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள்ள ஊத்துவாங்க. பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்சும். அச்சோட சுவர்ல மண் தோல் மாதிரி படியும். வேணுங்கிற கனம் வந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துடுவாங்க. காய்ஞ்சு சுருங்கினதும் அச்சைப் பிரிச்சா உள்ள பிள்ளையார். விளிம்பைச் சுரண்டி, ஈர ஸ்பான்ச்ல தடவி, சூளைக்குப் போகும். நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் முன்னாடி நேரமே இல்லாம ஓடிக்கிட்டு இருப்பாங்க, அப்பப் போய் செல்ஃபி எடுத்து வேலையைக் கெடுக்காதீங்க.

நாய்க்குத் தண்ணிக் கிண்ணம் வாங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல. பீங்கான் கனமா இருக்கும், நாய் மூக்கால தள்ளிக்கிட்டே வீடு சுத்த முடியாது. பிளாஸ்டிக் மாதிரி கீறல் விழுந்து கிருமி சேராது. ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. கொலு பொம்மைக்கு மேல அடிக்கிறது பெயிண்ட். அது சோத்துக்கு ஆகாது. கிண்ணத்துக்கு, சூட்டுல உருகிக் கண்ணாடியா ஒட்டின கிளேஸ் வேணும். அதுலயும் குறைஞ்ச சூட்டுல சுட்ட பளிச் சிவப்பு, மஞ்சள் கிளேஸ்ல ஈயம், காட்மியம் இருக்க வாய்ப்பு உண்டு. உள்பக்கம் வெள்ளையா, "சாப்பாடு வைக்கலாமா?"ன்னு பண்ணினவர்கிட்டயே கேட்டு வாங்குங்க. விரிசல் விட்டா, செடிக்குக் கொடுத்துடுங்க.

இப்ப பிளாட்டுக்கு வருவோம். அவுட்டிங்குக்கு முதல் தடை லிஃப்ட்லதான் ஆரம்பிக்குது, இல்லையா? எங்க அசோசியேஷன்லயும் ஒருநாள் "நாய் லிஃப்ட்ல வரக்கூடாது"ன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. மூணாவது மாடி வயசான அம்மா ஒருத்தங்க, தன்னோட பதிமூணு வயசு பொமரேனியனைத் தூக்கிக்கிட்டு படியேறினாங்க. அதைப் பார்த்தப்புறம்தான் நான் விதியைத் தேடிப் படிச்சேன்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல கொடுத்த வழிகாட்டு நெறிமுறை தெளிவா சொல்லுது: மெஜாரிட்டி ஓட்டுப் போட்டாலும் குடியிருப்புச் சங்கம் வளர்ப்புப் பிராணியைத் தடை பண்ண முடியாது, சைஸ் பார்த்து ஒதுக்க முடியாது, லிஃப்டை மறுக்க முடியாது. பூங்காவுக்கு நேரம் மட்டும் ஒதுக்கலாம். இந்த வாரியமே 1962-ல ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில சென்னையில ஆரம்பிச்சதுதான். 2021-ல கேரள உயர் நீதிமன்றமும், சங்கங்கள் போடுற நாய்த் தடை விதி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அது வேற மாநிலம்தான், இருந்தாலும் எடுத்துக் காட்ட உதவும். நான் ரெண்டையும் பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன். கூடவே, அப்புவோட ரேபிஸ் ஊசிச் சீட்டு, லைசென்ஸ், கழிவு எடுக்கிற பை. கடைசியா சொன்ன பைதான் வேலை செஞ்சது. அவங்க கோபத்துல பாதி, நாய் மேல இல்ல, பார்க்கிங்ல கிடந்தது மேல.

எங்க ஊர் பக்கத்துல மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல, குறையைத் தாள்ல எழுதி முருகன்கிட்ட பிராது கட்டுவாங்க. ஆயா எனக்காக அசோசியேஷன் மேல ஒரு பிராது கட்டவா கேட்டுச்சு. வேணாம் ஆயா, அவங்களும் நல்லவங்கதான்னு சொல்லிட்டேன்.

லைசென்ஸ் விஷயத்தைத் தள்ளிப் போடாதீங்க. சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம், ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம். மைக்ரோசிப்னா அரிசி மணி அளவு, தோள்பட்டை நடுவுல தோலுக்குள்ள போடுவாங்க, ஸ்கேனர் வச்சா ஒரு நம்பர் வரும். அது ஜிபிஎஸ் இல்லை, நாய் எங்க இருக்குன்னு போன்ல காட்டாது. ஆனா காலர் மாதிரி உருவிக்கிட்டும் வராது.

நாட்டு நாய் வச்சிருக்கவங்களுக்கு இது இப்ப இன்னும் அவசரம். 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் மாதிரி இடங்கள்ல இருந்து தெரு நாய்களைப் பிடிச்சுக் காப்பகத்துக்கு அனுப்பணும், பிடிச்ச இடத்துலயே திரும்ப விடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அது சரியா தப்பான்னு தனி எபிசோடே பேசலாம். ஆனா அன்னைக்கு ராத்திரி அப்பு காலர் இல்லாம ஓடினது பீங்கான் பேட்டைக்குப் பதிலா ஜங்ஷனுக்கா இருந்து, அது இந்த உத்தரவுக்குப் பிறகா இருந்திருந்தா, அவன் யாரோட நாய்னு சொல்ல அவன் உடம்புல ஒண்ணுமே இல்லை. ஊர் போய்த் திரும்பின வாரமே சிப் போட்டுட்டோம்.

லாப்ரடார் வச்சிருக்கிற தம்பி, இந்த ஞாயிறு ஈவென்ட் எதுவும் வேணாம். அஞ்சரைக்கு எழுந்து, மண் தரையும் மரமும் இருக்கிற ஒரு இடமா பார்த்து, லீஷைத் தளர்த்திப் பிடிச்சு, அவன் இழுக்கிற பக்கம் ஒரு மணி நேரம் போங்க. எங்க போனான், எதை மோந்து பார்த்தான்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன்.